ஒயில் குடிக்கும் ஜீப்பும் அது சுவாசிக்கும் காற்றும்

கொழும்பில் பழைய ஜீப் ஒன்றை வைத்திருப்பவரின் பின்னிருக்கைக்கு அடியில் இழுவைக் கயிறு இருக்கிறதோ இல்லையோ, பாதி தீர்ந்த எஞ்சின் ஒயில் கேன் ஒன்று நிச்சயமாக இருக்கும். வண்டி ஒயில் குடிக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலானோர் சற்றுச் சங்கடப்பட்டுக்கொண்டே ஆமென்பார்கள். எவ்வளவு என்று அடுத்துக் கேட்டால் பதில் இருக்காது. அளந்து பார்க்காத ஒரு குறைக்கு வைத்தியம் செய்யப்போய், பிரிக்கத் தேவையில்லாத எஞ்சினைப் பிரித்தவர்கள் எனக்குத் தெரிந்த சிறிய வட்டத்துக்குள்ளேயே பலர் இருக்கிறார்கள்.

இங்கே பழைய ஜீப்புகளை எவரும் எளிதில் கைவிடுவதில்லை. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இறங்கிவந்த லாண்ட் ரோவரும், ஏலத்தில் எடுத்த பஜேரோவும், ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த ப்ராடோவும் வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குக் கைமாறின. என்னுடையது 1990களின் நடுப்பகுதியைச் சேர்ந்த டிஃபென்டர். 300 டிடிஐ என்று அழைக்கப்படும் 2495 சிசி டர்போ டீசல் எஞ்சின் பூட்டியது. வார நாட்களில் அது வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரை காலி வீதியின் நெரிசலில் ஊர்கிறது. நீண்ட விடுமுறைகளில் ஓஹியாவிலிருந்து கலுபஹன பக்கமாக இறங்கும் டெவில்ஸ் ஸ்டேர்கேஸ் பாதைக்கோ, மீமுரேக்கோ, வில்பத்துவின் மணற்பாதைகளுக்கோ போகிறது. இந்த இரண்டு வாழ்க்கையுமே எஞ்சின் ஒயிலுக்குக் கெடுதியானவை, கெடுக்கும் விதம்தான் வேறு.

ஒயிலே குறையாத எஞ்சின் என்று ஒன்று இல்லை. பிஸ்டன் மேலும் கீழும் ஓட வேண்டுமானால் சிலிண்டர் சுவரில் மெல்லிய ஒயில் படலம் இருந்தே ஆக வேண்டும். பிஸ்டனைச் சுற்றியுள்ள உலோக வளையங்களான ரிங்குகளில் கடைசியானது அதில் பெரும்பகுதியை வழித்து, எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்புக்கு அனுப்புகிறது, எஞ்சியது எரிகிறது. டொயோட்டாவின் பல உரிமையாளர் கையேடுகள் 1000 கிலோமீற்றருக்கு 1 லீற்றர் வரையிலான இழப்பை ஏற்கத்தக்க உச்சவரம்பாகக் குறிப்பிடுகின்றன. வாங்கியவர் தலையில் பொறுப்பைப் போடுவதற்கான தாராளமான எல்லை அது என்பது என் எண்ணம். இருந்தாலும், அரை லீற்றர் குறைந்ததும் எஞ்சின் முடிந்தது என்று பதறுபவர்கள் அதை ஒருமுறை வாசிப்பது நல்லது.

ஆனால் கிலோமீற்றர்க் கணக்கே ஜீப்புக்குச் சரியாகப் பொருந்துவதில்லை என்பதுதான் முதற் சிக்கல். என் வண்டியில், கடும் ஏற்றங்களுக்கான லோ ரேஞ்சில் முதற் கியரைப் போட்டால், சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்கு எஞ்சின் 43 தடவை சுற்ற வேண்டும். சாதாரண வீதிக்கான ஹை ரேஞ்சில் ஐந்தாம் கியரில் அதே ஒரு சுற்றுக்கு நான்கு தடவை கூடத் தேவையில்லை. அதாவது கற்பாதையில் முதற் கியரில் ஏறும் ஒரு கிலோமீற்றர், எஞ்சினின் கணக்கில் நெடுஞ்சாலையில் ஓடும் 11 கிலோமீற்றருக்குச் சமம். அதற்கு மேலாக, மாட்டிய வண்டியைக் கம்பியால் இழுக்கும் வின்ச் வேலை செய்யும்போதும், சேற்றில் மாட்டிய வண்டிக்கு முன்னால் நின்று ஆலோசனை நடக்கும்போதும், கொள்ளுப்பிட்டிச் சந்தியில் பச்சை விளக்குக்காகக் காத்திருக்கும்போதும் மீற்றர் அசையாது, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். காட்டுக்குப் போய்த் திரும்பிய ஒரு வாரத்தில் மட்டும் 300 கிலோமீற்றருக்கு அரை லீற்றர் குறைந்துவிட்டது என்று அலறுபவர், எஞ்சின் உண்மையில் செய்த வேலையில் ஒரு சிறுபகுதியை மட்டுமே கணக்கில் எடுத்திருக்கிறார்.

இதற்கு நல்ல மாற்று, கனரக டீசல் எஞ்சின்களைப் பராமரிப்பவர்கள் கையாளும் கணக்கு: எரிந்த டீசலில் நூற்றுக்கு எத்தனை வீதம் ஒயில் குறைந்தது என்று பார்ப்பது. எஞ்சின் மலையேறினாலும், நெரிசலில் நின்றாலும், வின்ச் இழுத்தாலும், செய்த வேலைக்கு ஏற்பத்தான் டீசல் எரியும். எனவே டீசல் அளவே அந்த எஞ்சினின் உழைப்புக்கு நேர்மையான சாட்சி. லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் வண்டி 1000 கிலோமீற்றருக்கு 100 லீற்றர் டீசல் எரிக்கும். அதற்குள் அரை லீற்றர் ஒயில் குறைந்தால் அது 0.5 வீதம். நல்ல நிலையிலுள்ள பழைய டீசல் எஞ்சின் இதற்குள் நிற்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவு. 1 வீதத்தைத் தொட்டால் காரணம் தேடத் தொடங்குவேன். 0.3 வீதத்தில் நெடுங்காலம் நின்ற வண்டி திடீரென 0.6க்குத் தாவினாலும் தேடுவேன், ஏனென்றால் அளவைவிட அந்த மாற்றமே முக்கியமானது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் கியூஆர் அட்டைக்கு வாராந்த ஒதுக்கீடு வந்தபோது, நம்மில் எல்லோருமே டீசலை லீற்றர் லீற்றராக எண்ணப் பழகினோம். அந்தக் காலத்தின் கெட்ட நினைவுகளுக்கு நடுவே எனக்குத் தங்கிப்போன ஒரே நல்ல பழக்கம், ஒவ்வொரு முறையும் பெற்றோல் செட்டில் அடித்த அளவைக் குறிப்பேட்டில் எழுதுவது.

ஒயிலை அளப்பதிலும் சில ஒழுங்குகள் தேவை. எப்போதும் ஒரே இடத்தில், சமதளத்தில், இரவு முழுவதும் நின்ற எஞ்சினில் காலையில் ஒயில் அளவு காட்டும் கம்பியான டிப் ஸ்டிக்கைப் பார்ப்பதே நம்பகமானது. அதிலுள்ள மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவது, குறைவாக விடுவதைப் போலவே கெடுதல். சம்பில் அளவு கூடினால் சுழலும் கிராங்க் தண்டு ஒயிலை அடித்து நுரையாக்கும். அந்த நுரை, எஞ்சினின் ஆவி வெளியேறும் ப்ரீதர் வழியாகப் போய்விடும். உரிமையாளர் மறுபடியும் குறைந்துவிட்டதென்று மறுபடியும் ஊற்றுவார். மலைப் பயணத்துக்கு முன்னால் மட்டும் மேற்கோடு வரை சரியாக நிரப்புவது அவசியம், ஏனெனில் செங்குத்தான ஏற்றத்தில் ஒயில் சம்பின் பின்பக்கம் ஒதுங்கும்போது, கீழ்க்கோட்டில் நிற்கும் எஞ்சினின் உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கக்கூடும். அந்தச் சில விநாடிகளில் பேரிங்குக்கு நேரும் சேதம் பிறகு எந்த ஒயிலாலும் தீராது.

அளவு தெரிந்த பின்பு, ஒயில் போகும் வழிகளைத் தேட வேண்டும். வெளியே ஒழுகுவதைக் கண்டுபிடிப்பது எளிது, ஆனால் அதன் அளவை எவரும் நம்புவதில்லை. 20 துளிகள் ஒரு மில்லிலீற்றர் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு ஒரு துளி விழுவது நாளுக்கு 72 மில்லிலீற்றர். இரண்டு வாரத்தில் 1 லீற்றர். மேலும், எஞ்சின் சூடாகி உள்ளே அழுத்தத்தோடு ஓடும்போது ஒழுகுவது, நிற்கும்போது ஒழுகுவதைவிட அதிகம். எனவே தொடர்மாடியின் தரிப்பிடத்தில் விரித்த கார்ட்போர்ட் காட்டுவது உண்மையின் ஒரு பகுதியே. லாண்ட் ரோவர்காரர்களுக்கு இன்னொரு தகவல்: கிளச் உறையின் அடியில் ஒரு துவாரம் உண்டு, ஆழமான தண்ணீரைக் கடக்கும்போது மட்டும் அதை அடைக்க ஒரு பிளக் தரப்பட்டிருக்கிறது. கிராங்கின் பின்பக்க சீல் போனால் ஒயில் அந்தத் துவாரத்தால்தான் சொட்டும். பிளக்கை நிரந்தரமாகப் பூட்டிவிட்டு, ஒழுகல் நின்றுவிட்டது என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. உறைக்குள் தேங்கிய ஒயில் கிளச் தட்டை நனைத்த பிறகு அந்த மகிழ்ச்சி நீடிப்பதில்லை.

கீழே ஒன்றும் சொட்டாமல் அளவு மட்டும் குறைந்தால், நம் ஊரில் தீர்ப்பு உடனே வந்துவிடும்: ரிங்ஸ் போய்விட்டன, எஞ்சினை முழுவதும் பிரித்து ஓவர்ஹோல் செய்ய வேண்டும். என் வண்டிக்கும் ஒரு கராஜில் அதே தீர்ப்புத்தான் கிடைத்தது. தெமட்டகொடையில் பழைய டீசல்களோடு வயது போன நானா ஒருவரிடம் இரண்டாவது அபிப்பிராயத்துக்குக் கொண்டுபோனேன். அவர் எஞ்சினை ஓடவிட்டு, ஒயில் ஊற்றும் மூடியைத் திருகித் தளர்த்தி அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு, "ரிங் ஒண்டும் போகல்ல தம்பி, இதுக்கு மூச்சுத்தான் அடச்சிருக்கு" என்றார்.

அவர் சொன்ன மூச்சு, ப்ரீதர். எந்த எஞ்சினிலும் சிலிண்டரில் எரிந்த வாயுவில் சிறிதளவு ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும். அது சம்புக்குள் சேர்ந்து அழுத்தம் கூடாமலிருக்க வெளியேறும் வழி ஒன்று வேண்டும். 300 டிடிஐயில், எஞ்சின் தலையை மூடும் ராக்கர் கவரின் மேல் ஓர் உருளை இருக்கிறது. ஒயில் ஆவி அதற்குள் சுழலும்போது துளிகள் பிரிந்து எஞ்சினுக்குத் திரும்ப வடிகின்றன. ஆவி மட்டும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்கு முன்னாலுள்ள காற்றுக் குழாய்க்குள் போய் எரிகிறது. அந்த உருளையும் அதன் வடிகுழாயும் கரித்தாரால் அடைபட்டால் பிரிக்கும் வேலை நடக்காது. ஒயில் துளித்துளியாகவே காற்றோடு சேர்ந்து டர்போவுக்கும் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் போகும். முழுவதும் அடைத்துவிட்டால் சம்பின் அழுத்தம் பலவீனமான சீல்களைத் தேடி அவற்றால் ஒயிலை வெளியே தள்ளும். செங்குத்தான சரிவுகளில் அடிக்கடி ஓடும் வண்டியில் இந்தப் பாகத்துக்கு வேலை இன்னும் அதிகம், ஏனெனில் சாய்வில் தலைப்பகுதியின் ஒயில் கீழே வடியாமல் ஒரு மூலையில் குளமாகத் தேங்குகிறது. உருளையைக் கழற்றி டீசலில் ஊறவைத்துக் கழுவி, இன்டர்கூலருக்குள் தேங்கியிருந்த ஒயிலை வடித்துவிட்டதோடு என் வண்டியின் கணக்கு பாதிக்கும் கீழே இறங்கியது. அதற்கு நானா வாங்கிய கூலியைச் சொன்னால் ஓவர்ஹோல் விலை சொன்னவர்கள் கோபிப்பார்கள்.

சம்பின் அழுத்தம் கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை எந்த கராஜிலும் எவரும் தாமாகச் சொல்லிக் கேட்டதில்லை. டீசல் எஞ்சினில், பிரேக்கை அழுத்த உதவும் சேர்வோவுக்கான வெற்றிடத்தை ஒரு தனிப் பம்பு உண்டாக்குகிறது. அது உறிஞ்சும் காற்றை எஞ்சினுக்குள்ளேயே விடுகிறது. சேர்வோவின் ரப்பர்க் குழாய் வெடித்திருந்தால் பம்பு ஓயாமல் வெளிக்காற்றை உறிஞ்சிச் சம்புக்குள் தள்ளிக்கொண்டிருக்கும். கொழும்பின் வெக்கையில் ரப்பர் எவ்வளவு வேகமாக இறுகி வெடிக்கிறது என்பது நமக்குத் தெரியும். சில நூறு ரூபாய்க் குழாய்க்காக எஞ்சினைப் பிரிக்கக் கூடாது.

டர்போவைப் பற்றியும் இதே எச்சரிக்கைதான். டர்போவின் தண்டிலுள்ள சீல்கள் தண்ணீர்க் குழாயின் வாஷர் போல இறுக மூடுபவை அல்ல. இருபுறத்து அழுத்த வேறுபாட்டை நம்பியே அவை ஒயிலைத் தடுக்கின்றன. ஒயில் திரும்பும் குழாய் அடைபட்டாலோ சம்பின் அழுத்தம் கூடினாலோ, புத்தம் புதிய டர்போவும் ஒயில் கக்கும். டர்போவை மாற்றியும் குழாய்க்குள் ஒயில் நிற்கவில்லை என்று புலம்புபவர்கள் முதலில் ப்ரீதரைக் கழுவிப் பார்க்கலாம்.

இதை அலட்சியமாக விடுவதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. டீசல் எஞ்சினுக்கு எரிவதற்கு ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும், அது டீசலாக இருக்க வேண்டுமென்பதில்லை. டர்போ வழியாகவோ ப்ரீதர் வழியாகவோ போதியளவு ஒயில் காற்றோடு புகுந்தால், எஞ்சின் தன் ஒயிலையே எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, ஏனெனில் சாவி நிறுத்துவது டீசலை மட்டும்தான். மனுவல் கியர் வண்டியானால் பிரேக்கை முழுவதும் அழுத்தி, உயர்ந்த கியரைப் போட்டுக் கிளச்சை விட்டு எஞ்சினை அடக்கலாம். ஓட்டோ கியரில் அந்த வழி இல்லை. காற்று புகும் வாயைப் பலகைத் துண்டாலோ தடித்த புத்தகத்தாலோ மூடுவதுதான் வழி. துணியை வைத்தால் எஞ்சின் அதையும் உள்ளே இழுத்துவிடும், கையை வைப்பதைப் பற்றி நினைக்கவே கூடாது.

இனித் தூசிக்கு வருகிறேன். ஜீப்பின் ஒயில் விவகாரத்தில் உண்மையான வில்லன் தூசிதான் என்பது என் உறுதியான கருத்து. நகரத்துக் காரின் ரிங்குகள் முதுமையால் தேய்கின்றன. ஜீப்பின் ரிங்குகள் பெரும்பாலும் மண்ணால் அரைக்கப்படுகின்றன. வில்பத்துவின் செம்மண் பாதையில் முன்னால் போகும் வண்டிக்குப் பின்னால் பத்து நிமிடம் ஓடிவிட்டு ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு விழுங்குகிறதென்று தெரியும். மண்ணிலுள்ள குவார்ட்ஸ் துகள் உருக்கைவிடக் கடினமானது. கண்ணுக்குத் தெரியாத, சில மைக்ரோன் பருமனுள்ள துகள்கள் ஒயில் படலத்தின் தடிப்புக்குச் சமமாக இருப்பதால், ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே சரியாகப் பொருந்தி இரண்டையும் அம்மியில் அரைப்பதுபோல அரைக்கின்றன. அங்கிருந்து ஒயிலில் கலந்து பேரிங்குகளுக்கும் போகின்றன.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ஃபில்டர் புதியதா என்பதல்ல. காற்று முழுவதும் ஃபில்டர் வழியாகத்தான் போகிறதா என்பது. ஃபில்டர் பெட்டியின் அடியிலுள்ள, தூசியையும் நீரையும் வெளியேற்றும் ரப்பர் வாயைப் பாருங்கள். பல வண்டிகளில் அது எப்போதோ விழுந்து தொலைந்திருக்கும். பெட்டி மூடியின் கிளிப்புகளும், ஃபில்டரின் விளிம்பு அமரும் இடமும் நேராக இருக்க வேண்டும். ஃபில்டருக்குப் பின்னால் டர்போ வரை போகும் குழாயின் மடிப்புகளை விரித்துப் பார்த்தால் வெடிப்புகள் தெரியும். நீரைக் கடக்கும்போது உயரத்திலிருந்து காற்றை எடுக்கும் குழாயான ஸ்நோர்க்கல் பூட்டியவர்களுக்குச் சோதனை இரட்டிப்பு. அழகுக்காக வாங்கிப் பூட்டும் மலிவு ஸ்நோர்க்கல்களின் மூட்டுகள் பெரும்பாலும் சீல் செய்யப்படுவதில்லை. ஃபில்டருக்கு முன்னாலுள்ள மூட்டில் கசிவிருந்தால் நீர் புகும் ஆபத்து, பின்னாலுள்ளதில் இருந்தால் தூசி. தண்ணீருக்குப் பயந்து பூட்டிய சாதனத்தால் தூசிக்கு வாசல் திறந்துவிட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

சோதிப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஃபில்டருக்குப் பின்னாலுள்ள குழாயின் உட்சுவரில், விரலால் தடவினால் போதுமான அளவுக்கு மிக மெல்லிய கிரீஸ் பூச்சு ஒன்றைப் பூசிவிட்டுப் பயணம் போங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது கிரீஸ் சுத்தமாக இருந்தால் நல்லது. செம்மண் ஒட்டி விரலுக்கு நறநறவென்று பட்டால், அந்தப் பயணத்தில் எஞ்சின் எதைத் தின்றது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. கழுவிக் கழுவிப் பாவிக்கும் ஒயில் நனைத்த பருத்தி ஃபில்டர்களை நான் விரும்புவதில்லை. காற்றைத் தாராளமாக விடுவது எதுவோ அது தூசியையும் கொஞ்சம் தாராளமாக விடும். கடதாசி ஃபில்டரையும் டயரில் அடித்துத் தட்டுவதும், கொம்ப்ரஸர் காற்றை முழு அழுத்தத்தில் பாய்ச்சுவதும் அதன் மடிப்புகளைக் கிழிக்கும். அவசரத்துக்கு உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக ஊதலாம். ஊருக்கு வந்ததும் மாற்றிவிட வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்து ஒயில் குறைந்துகொண்டே போனால், அப்போதுதான் எஞ்சினின் உள்ளே சந்தேகப்பட வேண்டும். நீலப் புகை ஒயில் எரிவதைக் காட்டும். கறுப்பு, டீசல் கூடியதை அல்லது காற்றுக் குறைந்ததை. வெள்ளை, எரியாத டீசலை அல்லது கூலண்டை. நீண்ட இறக்கத்தில் கியரில் இறங்கி, கீழே மறுபடி அழுத்தும்போது நீலப் புகை வந்தால் வால்வு சீல் என்று ஒரு பழைய சூத்திரம் உண்டு. அது பெற்றோல் வண்டிகளுக்குப் பொருந்தும். ஜிம்னி வைத்திருப்பவர்கள் ரம்பொடையிலிருந்து கம்பளைக்கு இறங்கும்போது சோதிக்கலாம். த்ரொட்டில் தட்டு இல்லாத பழைய டீசலில் இறக்கத்தின்போது அந்த அளவுக்கு வெற்றிடம் உருவாவதில்லை, ஆகவே இந்தச் சோதனையால் பெரிதாக ஒன்றும் தெரியவராது. அதேபோல, சிலிண்டருக்குள் ஒயில் ஊற்றி மறுபடி கொம்ப்ரஷன் பார்க்கும் வழக்கமும் பெற்றோல் எஞ்சினுக்கு உரியது. டீசலின் எரி அறை மிகச் சிறியதாதலால், ஊற்றிய ஒயிலே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். கூடுதலாக ஊற்றினால் எஞ்சினுக்கே ஆபத்து. காற்றை அடித்து எங்கே கசிகிறதென்று கேட்கும் லீக் டவுன் சோதனை நேரம் எடுக்கும், ஆனால் அதை நம்பலாம்.

ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடினால் அன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள். டீசல் கலந்திருக்கிறது, அல்லது ஆற்றைக் கடந்தபோது நீர் புகுந்திருக்கிறது. பாலும் கோப்பியும் கலந்த நிறத்தில் இருந்தால் நீர்தான். 1கேடி எஞ்சினுள்ள ப்ராடோக்காரர்களுக்கு வேறொரு கவலை: இன்ஜெக்டரின் அடியிலுள்ள செப்பு வளையங்கள் கசிந்தால் எரிந்த வாயு ஒயிலைத் தாராக்கி, சம்பிலுள்ள உறிஞ்சு வலையை அடைத்துவிடும். அங்கே டிப் ஸ்டிக் சரியான அளவைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே பேரிங்குக்கு ஒயில் போகாது.

எந்த ஒயில் ஊற்றுவது என்ற விவாதத்துக்குள் அதிகம் போக விரும்பவில்லை. பழைய டர்போ டீசல்களுக்கு 15டபிள்யூ-40 கனரக டீசல் ஒயில் போதும். குடிக்கிறதே என்று இன்னும் தடித்த 20டபிள்யூ-50க்குத் தாவினால் புகை சற்று அடங்கும், நோய் அப்படியே இருக்கும். வருடாந்தப் புகைப் பரிசோதனைக்கு முந்தின நாள் தடித்த பாகு மருந்து ஊற்றுவதும் அந்த வகைதான். நேரத்துக்கு மாற்றுவதே பெரிது. சாதாரண ஓட்டோ டீசலில் சுப்பர் டீசலைவிடக் கந்தகம் அதிகம். அது எரிந்து உருவாகும் அமிலத்தை அணைக்கும் காரச் சேர்மானம் ஒயிலில் தீர்ந்துவிட்டால், ரிங் குழிகளில் கரி படிந்து ரிங்குகள் அசையாமல் ஒட்டிக்கொள்ளும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது ஒயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்ட பல வண்டிகள் இன்றைக்குப் புகைப்பதில் எனக்கு வியப்பில்லை. கையேடு சொல்லும் தூரத்தில் பாதியில் நான் மாற்றிவிடுகிறேன். தெருவோரத்தில் சந்தை விலைக்குப் பாதியாக விற்கும் கேன்களைப் பற்றி ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

ஓவர்ஹோல் தவிர்க்க முடியாதது என்று அளந்து தெரிந்துகொண்டால், அதைப் பாதியில் செய்யக் கூடாது. சிலிண்டர் மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும், அல்லது வட்டம் கெட்டும் தேய்ந்திருந்தால், உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கிய புது ரிங் செட் அதில் ஒட்டாது. லேத்தில் அளந்து, தேவையானால் சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி (போர் அடித்து)ப் பெரிய பிஸ்டன் போட வேண்டும். ஓவர்ஹோல் முடிந்த பிறகு எஞ்சினை மணிக்கணக்கில் ஐட்லில் ஓடவிடுவதும், ஆயிரம் கிலோமீற்றர் வரை தடவித் தடவி ஓட்டச் சொல்வதும் நம் கராஜ்களின் வழக்கம். ஐட்லை முதல் நாளிலிருந்தே தவிர்க்க வேண்டும். புது ரிங்கைச் சுவரோடு அழுத்தி அமரவைப்பது அதன் பின்னால் புகும் எரிந்த வாயுவின் அழுத்தம். சுமை இல்லாவிட்டால் அந்த அழுத்தம் இல்லை, நுண்கோடுகள் விழும்படி ஹோன் செய்த சுவர் கண்ணாடிபோல மினுங்கிவிடும், ரிங் ஒருநாளும் அமராது. கூலண்டும் ஒயிலும் சூடானதும் கடுகண்ணாவை ஏற்றத்தில் நடுத்தர வேகத்தில் சுமையோடு ஏற்றி இறக்குவது, தரிப்பிடத்தில் முழு நாள் உறுமவிடுவதைவிட எஞ்சினுக்கு நல்லது.

என் நண்பர் ஒருவரின் 4எம்40 எஞ்சின் பஜேரோவுக்கு இதெல்லாம் முறையாகவே நடந்தது. நல்ல லேத், நல்ல ரிங், ஏற்றத்தில் ஓட்டிப் பழக்கியது எல்லாம் சரி. முதற் சில மாதங்கள் ஒயில் அசையவில்லை. பிறகு மன்னார்ப் பக்கம் நெடும் பயணம் ஒன்று போய்வந்ததிலிருந்து கணக்கு மெல்ல ஏறத் தொடங்கியது. கராஜ்காரரோடு சண்டை பிடிக்கவும் தயாரானார். குழாயில் கிரீஸ் பூசிப் பார்க்கச் சொன்னேன். நீர்கொழும்பு வரை போய்த் திரும்பியபோது கிரீஸ் சுத்தமாக இருந்தது. அடுத்த வில்பத்துப் பயணத்தில் செம்மண் அப்பிக்கொண்டு வந்தது. ஸ்நோர்க்கல் பூட்டியபோது ஃபில்டர் பெட்டிக்குப் பின்னாலுள்ள குழாயை நகர்த்தியிருக்கிறார்கள். கிளாம்ப் விளிம்பின் மேல் ஏறி நின்றதால் அடிப்பக்கம் விரல் நகம் புகும் அளவுக்குத் திறந்திருந்தது. பழைய எஞ்சின் தேய்ந்ததும் அந்த இடைவெளியால்தான் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமில்லை. புதுக் குழாயும் இரண்டு நல்ல கிளாம்ப்களும் போட்ட பிறகு பஜேரோ டீசலில் 0.4 வீதத்துக்குச் சற்று மேலே நிற்கிறது. இரண்டாவது முறை எஞ்சினைப் பிரிப்பதா என்பதை, அந்த எண் அடுத்த வருடம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத் தீர்மானிப்பதாக இருக்கிறார்.